பாதிக்குப் பாதி கலந்தால் பாதி வராது

அத்தான் முப்பந்தலில் காற்றாலை மெயின்டனன்ஸ் வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருக்கிறார். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பிடிக்கத் தொடங்கினால் அப்புறம் மெஷினை நிறுத்தவே மனசு வராது என்பதால், சர்வீஸ் வேலை எல்லாம் வைகாசிக்கு முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். இந்த வருஷம் அப்படி ஒரு சர்வீஸ் நாளில் ரோட்டோர டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் கேட்டார்: "மக்கா, நீ இந்தச் சூடு கடத்துற கணக்குல தானடே படிச்ச? கியர்பாக்ஸ்ல ஒரு எண்ணெய் இருக்கு, டாப்-அப் பண்ண வேற ஒண்ணு வருது. பாதி இது, பாதி அதுன்னா சூடு கடத்துறதும் பாதிபாதி தானே?"

இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். ஏன் இல்லை என்று சொல்லி முடிக்க மூன்று சாயா ஆனது. அன்றைக்குச் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நான் ஆறு வருஷம் செய்த வேலை இது ஒன்றுதான், இதைத் தமிழில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

நான் அளந்தது திரவக் கலவைகளின் வெப்பக் கடத்துத்திறனை, அதுவும் அதிக அழுத்தத்தில். அலகு, ஒரு மீட்டருக்கு ஒரு கெல்வினுக்கு இத்தனை வாட். 25 டிகிரியில் தண்ணீருக்கு 0.607. எத்தனாலுக்கு 0.167க்குப் பக்கம். டொலுயீன் என்ற கரைப்பானுக்கு 0.131. கியர் எண்ணெய்கள் பெரும்பாலும் 0.13க்கும் 0.15க்கும் நடுவில் எங்கேயோ நிற்கும். அதாவது திரவங்களில் தண்ணீர் தனி ரகம், எண்ணெய் வகையெல்லாம் அதில் கால்பங்குதான். செம்பு 400 என்கிற பக்கத்தில் இருப்பதை நினைத்தால் இந்த எண்கள் எல்லாமே சின்னவை, அதனாலேயே அளப்பது கஷ்டம்: சூடு நாம் நினைக்கிற வழியை விட்டுவிட்டு வேறு வழியில் ஓடிவிடும்.

அந்த வேறு வழிதான் எங்கள் வேலையின் தலைவலி. திரவத்தைச் சூடாக்கினால் சூடான பாகம் மேலே போகும், குளிர்ந்தது கீழே வரும், சாதத்துக்கு உலை வைத்த பாத்திரத்தில் தெரிகிற அதே சுழற்சி. அந்தச் சுழற்சி சூட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டால், திரவம் நன்றாகக் கடத்துகிறது என்று நமக்குப் பொய்யான எண் கிடைக்கும். பழைய அட்டவணைகளில் பல திரவங்களுக்கு மதிப்பு கூடுதலாக இருப்பதற்கு இதுவும் கதிர்வீச்சும்தான் பெரிய காரணம். இதிலிருந்து தப்பிக்க வழி, சுழற்சி தொடங்குவதற்கு முன்னாலேயே அளந்து முடித்துவிடுவது. சூடான திரவம் நகர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும் அல்லவா, அந்தக் கொஞ்ச நேரத்துக்குள், ஒரு விநாடிக்குள், எல்லாம் முடிய வேண்டும்.

சூடான கம்பி முறை என்று இதற்குப் பெயர். திரவத்துக்குள் மெல்லிய பிளாட்டினக் கம்பி ஒன்று தொங்கும். நான் வைத்திருந்தது 10 மைக்ரான், தலைமுடியில் ஆறேழில் ஒரு பங்கு. மேசை மேல் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது, ஜன்னல் வெளிச்சம் ஒரு சாய்வில் பட்டால் மட்டும் ஒரு கோடு மின்னும், மூச்சு விட்டால் அந்தக் கோடு ஆடும். அதைத் தாங்கியில் பற்றவைக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுவேன், சித்திரை மாசமானாலும். அந்தக் கம்பியில் திடீரென்று மின்சாரம் விட்டால் அது சூடாகும். சுற்றியுள்ள திரவம் அந்தச் சூட்டை இழுத்துக்கொள்ளும். திரவம் நன்றாகக் கடத்தினால் கம்பி மெதுவாகச் சூடேறும், மோசமாகக் கடத்தினால் வேகமாக ஏறும். பிளாட்டினத்தின் மின்தடை சூட்டோடு சேர்ந்து ஏறுவதால் அந்தக் கம்பியே அடுப்பு, அந்தக் கம்பியே தெர்மாமீட்டர். மொத்த ஏற்றமும் மூன்று டிகிரி போலத்தான். நேரத்தின் மடக்கையை ஒரு பக்கமும் வெப்பநிலை ஏற்றத்தை இன்னொரு பக்கமும் வைத்து வரைந்தால் நேர்கோடு வரும், அந்தக் கோட்டின் சாய்விலிருந்து கடத்துத்திறன் நேரடியாகக் கிடைக்கும். வேறு திரவத்தை வைத்து ஒப்பிட்டுச் சரிசெய்ய வேண்டிய அவசியம்கூடக் கொள்கையளவில் இல்லை.

1931இலேயே ஸ்டால்ஹானே, பைக் என்ற இருவர் இதைச் செய்து காட்டிவிட்டார்கள். ஆனால் ஒரு விநாடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை மின்தடையைப் படிக்க அன்றைக்கு வழியில்லை. 1970களில் எலக்ட்ரானிக்ஸ் வளர்ந்த பிறகுதான் இது உலகத்தின் மிகத் துல்லியமான முறையாக மாறியது, கவனமாகச் செய்தால் அரை சதவீதத்துக்குள் பிழை. கம்பியின் இரண்டு நுனியிலும் சூடு தாங்கிக்குள் ஓடிவிடும் என்பதால் நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று என்று இரண்டு கம்பி வைத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிப்போம். அப்படிக் கழித்தால் நுனிகளே இல்லாத ஒரு கம்பியை அளந்த மாதிரி. இந்த யோசனை எனக்கு இன்றைக்கும் அழகாகத் தெரிகிறது.

நான் தினமும் முதலில் பார்ப்பது கடைசி எண்ணை அல்ல, அந்தக் கோட்டை. தொடக்கத்தில் வளைந்திருந்தால் கம்பி தன்னையே சூடாக்கிக்கொள்ள எடுத்த நேரம், அதைத் திருத்தலாம். முடிவில் கீழே வளைந்தால் சுழற்சி தொடங்கிவிட்டது, அந்தப் பாகத்தை வெட்டி எறிய வேண்டும். கோடு காட்டாமல் வெறும் எண்ணை மட்டும் தருகிற கட்டுரைகளை நான் நம்புவதே இல்லை.

சரி, அழுத்தத்துக்கு வருகிறேன். நம் பக்கத்து மீன்பிடிக்காரர்கள் ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். 55 பாகம் போனால் சுமார் 100 மீட்டர், அங்கே தண்ணீர் மட்டும் தருகிற அழுத்தம் 1 மெகாபாஸ்கல், அதாவது நாம் கரையில் சுமக்கிற காற்றழுத்தத்தைப் போல் பத்து மடங்கு. கம்பியையும் திரவத்தையும் வைக்கிற என் கலம் 100 மெகாபாஸ்கல் வரை போகும். கடலில் அந்த அழுத்தம் வேண்டுமென்றால் 10 கிலோமீட்டர் இறங்க வேண்டும், மரியானா அகழி மாதிரி மிக ஆழமான கடல் அகழிகளில்தான் முடியும். அவ்வளவையும் ஒரு செம்பு அளவு எஃகுக் கலத்துக்குள் கைப்பம்பால் ஏற்றுவோம். பம்பின் எண்ணெய் நம் திரவத்தோடு கலக்கக் கூடாது, அதனால் நடுவில் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாக ஒரு உலோகக் குழாய் இருக்கும், அது சுருங்கி அழுத்தத்தை மட்டும் கடத்தும். அழுத்தினால் திரவமே கொஞ்சம் சூடாகும், அந்தச் சூடு அடங்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒரு விநாடி அளவீட்டுக்கு ஒரு மணி நேரக் காத்திருப்பு.

இந்த வேலைக்கெல்லாம் மூத்தவர் பெர்சி பிரிட்ஜ்மன். ஹார்வர்டில் இருந்தவர், அதிக அழுத்த ஆய்வுகளுக்காக 1946இல் இயற்பியல் நோபல் வாங்கினார். அவர் கண்டுபிடித்த மூடி முறை இன்றும் எங்கள் கலங்களில் இருக்கிறது: உள்ளே அழுத்தம் ஏற ஏற, அடைப்புக்கு வைத்த வளையத்தின் மேல் அதைவிடக் கூடுதலான அழுத்தம் விழுகிற மாதிரி அமைப்பு, அதனால் கசிவதற்குப் பதிலாக இன்னும் இறுகிக்கொள்ளும். அவர் 1923இலேயே ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 12,000 கிலோ வரை போய்த் திரவங்களின் கடத்துத்திறனை அளந்தார், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு உருளை, நடுவில் மெல்லிய திரவப் படலம். பல கரிமத் திரவங்களில் கடத்துத்திறன் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியது, தண்ணீரில் ஒன்றரை மடங்கு போலத்தான். என்னுடைய 100 மெகாபாஸ்கலில் டொலுயீன் ஐந்தில் ஒரு பங்கு போல ஏறும், தண்ணீர் ஏழு சதவீதம் பக்கம்தான். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இறுக்கமாகக் கோத்துக்கொண்டு நிற்பதால் அழுத்தினாலும் அவ்வளவு எளிதாக நெருங்காது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை அத்தானுக்கு எப்படிச் சொன்னேன் என்றால், வீடு வார்ப்பு நடக்கிற நாளை நினைத்துக்கொள்ளச் சொன்னேன். கலவைச் சட்டியைக் கீழிருந்து மேல் வரை ஆள் வரிசையில் கைமாற்றிக் கொடுப்பார்களே, யாரும் நடப்பதில்லை, சட்டி மட்டும் போகும். திரவத்தில் சூடு போவதும் பெரும்பாலும் அப்படித்தான், மூலக்கூறு இடம்விட்டுப் போவதில்லை, பக்கத்தில் இருப்பதற்கு ஆற்றலைத் தள்ளிவிடுகிறது. ஆட்கள் நெருங்கி நின்றால் சட்டி வேகமாகப் போகும், அதுதான் அழுத்தம் செய்கிற வேலை. வரிசையில் நெட்டையான ஆளும் சின்னப் பையனும் மாறி மாறி நின்றால்? ஒவ்வொரு கைமாற்றிலும் ஒருவர் குனிய வேண்டும், ஒருவர் எட்ட வேண்டும். நெட்டையர் மட்டும் நின்றால் ஒரு வேகம், பையன்கள் மட்டும் நின்றால் ஒரு வேகம், கலந்து நின்றால் அந்த இரண்டின் சராசரியைவிடக் குறைவான வேகம். கலவைகளில் நடப்பது இதுதான்.

எவ்வளவு குறையும் என்பதற்கு ஃபிலிப்போவ் என்ற ஆய்வாளர் 1955இல் ஒரு எளிய விதி கொடுத்தார், இன்றைக்கும் பொறியாளர்கள் அதைத்தான் முதலில் எடுக்கிறார்கள். டீக்கடையில் பில் காகிதத்தின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். எடுத்துக்கொண்டது எண்ணெய் அல்ல, கூலன்ட். ஏனென்றால் கியர் எண்ணெய்க்குள் என்னென்ன கலந்திருக்கிறது என்று கம்பெனி சொல்லாது, கூலன்ட் தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும்தான், புதிய பெரிய காற்றாலைகளில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கச் சுற்றி வருவதும் அதே சாமான்தான். தண்ணீர் 0.607, கிளைக்கால் 0.25. எடைக்கு எடை பாதி கலந்தால் சராசரி 0.43. இப்போது இரண்டின் எடைப் பங்கையும் பெருக்கு, அரை பெருக்கல் அரை, கால். அதை இரண்டு எண்களின் வித்தியாசமான 0.357ஓடு பெருக்கு, அப்புறம் 0.72 என்ற எண்ணோடு பெருக்கு. 0.064 வரும். சராசரியிலிருந்து கழித்தால் 0.364. அளந்தவர்களுக்குக் கிடைப்பது 0.37, 0.38 என்ற சுற்றுவட்டம். பாதிபாதி என்று கணக்குப் போட்டவர் 15 சதவீதம் போல அதிகமாக நம்பியிருப்பார், அந்த நம்பிக்கையில் ரேடியேட்டரைச் சின்னதாகச் செய்திருப்பார்.

அத்தான் காகிதத்தை வாங்கி ஒரு தடவை தானாகவே போட்டுப் பார்த்தார். அப்புறம் கேட்டதுதான் சரியான கேள்வி: "அப்போ எங்க எண்ணெய்க்கு இது எவ்வளவுடே குறையும்?"

அதற்கும் அதே விதிதான். ஒரு எண்ணெய் 0.13, இன்னொன்று 0.15 என்று வைப்போம். வித்தியாசமே 0.02தான், அதில் கால்பங்கு, அதில் 0.72 பங்கு, 0.0036. இரண்டரை சதவீதம். டாப்-அப் பண்ணுவது பாதிகூட இருக்காது, அதனால் இன்னும் குறைவு. கலவை என்பது எண்ணெயில் பெரிய விஷயமே இல்லை. ஆனால் அழுத்தம்? கியரின் பல்லும் பல்லும் கடிக்கிற இடத்தில் ஒரு மைக்ரான் அளவுக்கோ அதற்கும் குறைவாகவோ எண்ணெய்ப் படலம், அதன் மேல் 1 கிகாபாஸ்கல் அளவுக்கு அழுத்தம், பத்தாயிரம் வளிமண்டலம். பிரிட்ஜ்மன் 1923இல் ஆய்வகத்தில் தொட்ட அதே உயரம் முப்பந்தலில் ஒவ்வொரு பல் கடிக்கும்போதும் வந்து போகிறது. அந்த நேரத்தில் அந்தப் படலத்தின் கடத்துத்திறன் ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடுகிறது. உரசலில் பிறக்கிற சூடு அந்தப் படலம் வழியாகத்தான் எஃகுக்குள் போக வேண்டும். சாதாரணக் காற்றழுத்தத்தில் அளந்த கடத்துத்திறனை வைத்துப் படலத்தின் சூட்டைக் கணக்கிட்டால் கணக்கு தப்பு.

ஆக எண்ணெயில் அழுத்தம்தான் பெரிய ஆள், கலவை சின்ன ஆள். கூலன்டில் அப்படியே தலைகீழ்: அந்தச் சுற்றின் அழுத்தம் சில வளிமண்டலம்தான், அது ஒன்றும் செய்யாது, கலவைதான் எல்லாம். எதை அளக்க வேண்டும், எதை ஊகித்தால் போதும் என்று முடிவெடுக்க இது முதலில் தெரிய வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு இது தெரியாது, எல்லாவற்றையும் ஒரே மாதிரி அளந்துகொண்டிருந்தேன்.

அந்தப் புதிதில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கலவை அளப்பதற்கு முன்னால் தனித்தனியாக அளக்க வேண்டும் என்பதால் சைக்ளோஹெக்சேனைக் கலத்தில் ஊற்றி, 25 டிகிரியில் வைத்து, அழுத்தம் ஏற்றிக்கொண்டிருந்தேன். 10, 20, 30 என்று ஒழுங்காக ஏறியது. 40ஐ நெருங்குகிற இடத்தில் பம்ப் அடிக்கிறேன், அடிக்கிறேன், மீட்டர் முள் நகரவில்லை. கசிவு என்று நினைத்து மூடியை எல்லாம் தொட்டுத் துடைத்துப் பார்த்தேன், எங்கும் ஈரம் இல்லை. இன்னும் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் இரண்டு கம்பியின் மின்தடையும் திரையிலிருந்து காணாமல் போய்விட்டது. மறுநாள் காலையில் அழுத்தத்தை இறக்கிக் கலத்தைத் திறந்தால் உள்ளே தெளிந்த திரவம்தான், எந்த அடையாளமும் இல்லை, கம்பி இரண்டும் அறுந்து கிடந்தன.

சைக்ளோஹெக்சேன் சாதாரணமாக 6.5 டிகிரியில் உறையும். அழுத்தம் ஏற ஏற அதன் உறைநிலையும் ஏறும், மெகாபாஸ்கலுக்கு அரை டிகிரி என்ற கணக்கில். 40 பக்கம் போனால் 25 டிகிரியிலேயே கட்டியாகிவிடும். உறையும்போது அது சுருங்குவதால்தான் எவ்வளவு அடித்தும் முள் ஏறவில்லை, நான் அழுத்தியதெல்லாம் அந்தச் சுருக்கத்துக்கே போய்விட்டது. எங்கள் வீட்டில் மார்கழிக் காலையில் அம்மா தேங்காய் எண்ணெய்ப் பாட்டிலை வெயிலில் கொண்டு வைப்பதைச் சின்ன வயசிலிருந்து பார்த்தவன் நான். குளிர் செய்கிற அதே வேலையை அழுத்தமும் செய்யும் என்பது பாடத்தில் படித்திருந்தும் அந்தப் பம்பின் முன்னால் நின்றபோது நினைவுக்கு வரவில்லை. புதுக் கம்பி வந்து, பற்றவைத்து, டொலுயீனில் மறுபடி சோதித்துச் சரிபார்க்க ஒன்றரை மாசம் போனது. அதற்கப்புறம் எந்தத் திரவத்தை எடுத்தாலும் அதன் உருகுநிலைக் கோட்டை முதலில் வரைந்து சுவரில் ஒட்டிவிட்டுத்தான் பம்பைத் தொடுவேன். சைக்ளோஹெக்சேனோடு ஹெப்டேன் என்ற இன்னொரு திரவத்தைக் கலந்தபோது உறைநிலை நன்றாக இறங்கிவிட்டது, தனியாக 40 வரைக்கும் போக முடியாத திரவம் கலவையாக 100 வரை போனது.

அளப்பதற்கு இத்தனை பாடு என்பதால்தான் கணிப்பு தேவைப்படுகிறது. இரண்டு திரவம், பத்து விகிதம், ஐந்து வெப்பநிலை, பத்து அழுத்தம் என்றால் ஐநூறு புள்ளி. மூன்றாவது திரவம் சேர்ந்தால் ஆயுள் போதாது.

பிரிட்ஜ்மனே ஒரு வழி சொன்னார். மூலக்கூறுகளுக்கு இடையிலான தூரமும் அந்தத் திரவத்தில் ஒலியின் வேகமும் தெரிந்தால் போதும், ஆற்றல் ஒலி வேகத்தில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது என்று வைத்துக் கணக்கிடலாம் என்றார். பின்னால் வந்தவர்கள் அவருடைய மாறிலியை 2.8 என்று திருத்தினார்கள். அதைத் தண்ணீருக்குப் போட்டால் 0.60 வருகிறது. முதல் தடவை போட்டபோது எனக்குப் புல்லரித்தது, ஒலி வேகத்தையும் அடர்த்தியையும் வைத்தே இது வருகிறதே என்று. அதே சூத்திரத்தில் டொலுயீனைப் போட்டேன், 0.16 வந்தது, உண்மை 0.131. இருபது சதவீதத்துக்கு மேல் அதிகம். தண்ணீருக்குப் பொருந்திய அழகை மட்டும் பார்த்து நிறுத்தியிருந்தால் ஏமாந்திருப்பேன்.

இப்போது நடைமுறையில் நன்றாக வேலை செய்வது அடர்த்தி வழியாகப் போவதுதான். கடத்துத்திறனை அழுத்தத்துக்கு எதிராக வரைந்தால் ஒவ்வொரு வெப்பநிலைக்கும் ஒரு கோடு தனித்தனியாகப் போகும். அதையே அடர்த்திக்கு எதிராக வரைந்தால் எல்லாக் கோடும் கிட்டத்தட்ட ஒன்றோடொன்று படிந்துவிடும். மூலக்கூறுகள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதுதான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது, சூட்டால் விலகினாலும் அழுத்தத்தால் நெருங்கினாலும். டைமண்ட், அசேல் என்ற ஆய்வாளர்கள் 1992 வாக்கில் இதை ஹைட்ரோகார்பன்களுக்கு ஒரே பொது வளைவாகக் கொண்டுவந்தார்கள், மூலக்கூறுகளைக் கடினமான உருண்டைகளாக வைத்து. கலவைக்கு அந்த உருண்டையின் அளவை விகிதப்படி சராசரி எடுத்தால் சில சதவீதப் பிழைக்குள் வந்துவிடும். இன்னொரு வழி, அந்த அழுத்தத்தில் தனித்தனித் திரவத்தின் மதிப்பை எடுத்து ஃபிலிப்போவ் விதியில் போடுவது. என் ஹெப்டேன் கலவைகளுக்கு இரண்டுமே ஏறக்குறைய ஒரே பதிலைத் தந்தன. தண்ணீரோ ஆல்கஹாலோ உள்ளே வந்தால் உருண்டைக் கணக்கு தடுமாறும், அவை உருண்டைகள் மாதிரி நடந்துகொள்வதில்லை, கைகோத்துக்கொள்ளும். அங்கே அளந்தே ஆக வேண்டும், ஐநூறு புள்ளி வேண்டாம், நடு விகிதத்தில் இரண்டு மூன்று அழுத்தத்தில் நன்றாக அளந்த புள்ளிகள் இருந்தால் மிச்சத்தைச் சூத்திரம் பார்த்துக்கொள்ளும்.

சாஃப்ட்வேரில் எண்ணைப் போட்டால் ஐந்து இலக்கம் வரை பதில் வரும். அந்தக் கலவைக்கு அந்த அழுத்தத்தில் யாராவது அளந்திருக்கிறார்களா என்று அது தானாக முன்வந்து சொல்வதில்லை, நாம்தான் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும். மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து பாருங்கள்.

அத்தானிடம் கடைசியில் சொன்னது வேறு விஷயம். டாப்-அப்பில் சூடு கடத்துவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், ஆனால் இரண்டு கம்பெனி எண்ணெயின் சேர்மானங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா, கலந்தபின் கெட்டித்தன்மை மாறுமா என்பதுதான் பல்லைக் காப்பாற்றுவது, அதைக் கேட்காமல் ஊற்றாதீர்கள் என்றேன். கூலன்ட் விஷயத்தில் அளந்து கலக்கச் சொன்னேன், கண்மதிப்பில் வேண்டாம் என்று.

அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போன வாரம் அவருடைய ஸ்டோர் ரூமுக்குப் போனபோது கூலன்ட் பீப்பாய்க்கு மேலே சுவரில் அது செல்லோ டேப்பில் ஒட்டியிருந்தது. 0.43ஐ அடித்துவிட்டு 0.364க்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார், பக்கத்தில் ஒரு பழைய தராசும் வைத்திருந்தார்.